சாரத்தை எட்டிய சட்டம்

கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், குருடிமலையின் பார்வையில் அமைந்த ஊர் பெரியநாயக்கன்பாளையம். இவ்வூரின் வரலாற்றை எழுதப் புகுவோர் இரு செய்திகளைத் தவறாது குறிப்பர். தி. சு. அவினாசிலிங்கம் 1930-ல் தோற்றுவித்த இராமகிருஷ்ண வித்தியாலயத்திற்கு, 1934-ல் காந்தியடிகள் இங்கே அடிக்கல் நாட்டினார் என்பது ஒன்று. பஞ்சாலை இயந்திரங்களை நம் நாட்டிலேயே செய்யும் நோக்கத்துடன் 1962-ல் தொடங்கப்பெற்ற லட்சுமி மெஷின் ஒர்க்ஸின் ஆலை இவ்வூரில் எழுந்தது என்பது மற்றொன்று. அடிக்கல் நாட்டியவர் யார், திறந்து வைத்தவர் யார் என்பதைக் கல்லில் பொறித்து வைப்பது நம் வழக்கம். ஆனால் அடிக்கல் நாட்டு விழாவுக்கும் திறப்பு விழாவுக்கும் இடையே வானம் தோண்டியவரும், சாரம் கட்டியவரும், கலவைச் சட்டி சுமந்த சித்தாளும் அந்தக் கல்லில் இடம்பெறுவதில்லை.

மாணவ நேயர்களே! இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவர்களைப் பற்றியது. நூற்பாலைத் தொழிலாளிக்குப் பாதுகாப்புத் தரும் சட்டம் இந்நாட்டில் 1881-ல் தோன்றிற்று. அந்த நூற்பாலையைக் கட்டி எழுப்பும் தொழிலாளிக்கென நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் 1996-ல்தான் தோன்றிற்று. இடைப்பட்ட காலம் 115 ஆண்டுகள். கூரையின்கீழ் வேலை செய்வோனை முதலில் கண்ட சட்டம், கூரையின்மேல் நிற்போனைக் காண ஏன் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது? கண்ட பின்னரேனும், எட்டுப் பேரை வைத்து வேலை நடத்தும் ஒரு சிறு மேஸ்திரியின் வேலையிடம்வரை அது வந்து சேர்ந்ததா? இவ்விரு வினாக்களுக்கும் வரலாறு தரும் விடையைக் காண்போம்.

கட்டடத்தைப் பற்றிய சட்டம் மிகப் பழமையானது. கி.மு. பதினெட்டாம் நூற்றாண்டில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபி மன்னனின் சட்டத் தொகுப்பு கருங்கல்லில் பொறிக்கப்பட்டு இன்றும் பாரிஸ் நகரத்து லூவர் காட்சியகத்தில் உள்ளது. கட்டுவோன் உறுதியின்றிக் கட்டிய வீடு இடிந்து வீட்டுக்காரன் மாண்டால், கட்டியவனுக்கு மரண தண்டனை. வீட்டுக்காரனின் மகன் மாண்டால், கட்டியவனின் மகனுக்கு மரண தண்டனை என்கிறது அது. கொடிய சட்டந்தான். எனினும், பிழையாகக் கட்டுவது பிறர் உயிரைப் பறிப்பதாகும் என்ற உணர்வு அதில் உண்டு. ஆயின், அவ்விதிகள் காக்க முனைவது வீட்டில் குடியிருப்போனை. கட்டும்போதே தவறி விழுபவனைப் பற்றி அவை பேசவில்லை. நெடுங்காலம் உலகமெங்கும் கட்டடச் சட்டங்களின் போக்கு இதுவே. 1666-ல் இலண்டன் மாநகர் தீக்கிரையான பின்னர் இயற்றப்பெற்ற 1667-ஆம் ஆண்டுச் சட்டமும் செங்கல்லாலும் கருங்கல்லாலும் வீடு கட்டும்படி ஆணையிட்டது. எரியாத நகரம் வேண்டும் என்பதே அதன் கவலை.

வேலையில் உயிர் நீத்தவனின் குடும்பத்தைப் புரக்க வேண்டும் என்ற எண்ணம் தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. போரிலும் பூசலிலும் ஊருக்காக மாண்ட வீரனின் சுற்றத்தாருக்கு நிலம் வழங்கும் வழக்கம் இங்கு இருந்தது. அந்நிலத்திற்கு ‘உதிரப்பட்டி’ என்று பெயர். சிந்திய குருதிக்கு ஈடாகக் கொடுத்த நிலம் என்பது அதன் பொருள். கொங்கு நாட்டில் ஆங்காங்கே நிற்கும் நடுகற்களைக் கண்டவர்கள், வீழ்ந்தவனின் பெயரை மறவாதிருக்க நம் முன்னோர் எடுத்த முயற்சியை அறிவர். பெயரை எழுதுதல், குடும்பத்திற்கு ஈடு அளித்தல் என்னும் இவ்விரண்டையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் வரும் வரலாறு முழுவதும் இவற்றைச் சுற்றியே அமைகிறது.

இனிக் கோயம்புத்தூருக்கு வருவோம். ராபர்ட் ஸ்டேன்ஸ் 1888-ல் இங்கு நூற்பாலை ஒன்றை நிறுவினார். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் மின்சாரம் வழங்கத் தொடங்கியதும், ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவ்வாலைகளுக்குள் வேலை செய்தோருக்கு ஒருவகைக் காவல் இருந்தது. 1881-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஏழு வயதிற்குட்பட்ட குழந்தைகளை வேலைக்கு வைக்கலாகாது என்றும், ஆபத்தான இயந்திரங்களுக்கு வேலி அமைக்க வேண்டும் என்றும் விதித்தது. மிகச் சிறிய தொடக்கம் அது. இயந்திர விசையால் இயங்கி, 100 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஆலைகளுக்கு மட்டுமே பொருந்தும். 1891-ல் அந்த எண் 50 ஆயிற்று. 1922-ல் 20 ஆயிற்று. விடுதலைக்குப்பின் 1948-ல் வந்த தொழிற்சாலைச் சட்டத்தில், விசையால் இயங்கும் இடங்களுக்கு அது 10 ஆயிற்று.

நூறு, ஐம்பது, இருபது, பத்து என்று சட்டம் எண்ணி எண்ணிக் கீழிறங்கிய வரலாறு இது. ஒவ்வொரு படி இறங்கியபோதும் முன்பு வெளியே நின்ற பல்லாயிரம் பேர் உள்ளே வந்தனர். ஆனால் எத்தனை படி இறங்கினாலும் கட்டடத் தொழிலாளி மட்டும் வெளியிலேயே நின்றான். காரணம் எளிது. தொழிற்சாலை என்பதற்குச் சட்டம் வகுத்த இலக்கணம் ஓர் இடத்தையும், அங்கு நிகழும் உற்பத்தியையும் பற்றியது. கட்டட வேலைக்கோ நிலையான இடம் இல்லை. இன்று இவ்வூரில் ஒரு வீடு. ஆறு திங்கள் கழித்துத் துடியலூரில் ஒரு கடை. அதன்பின் காரமடையில் ஒரு பள்ளி. ஆய்வாளர் விலாசத்தைக் கண்டுபிடித்து வருவதற்குள் சாரம் பிரிக்கப்பட்டிருக்கும். நூற்பாலை எழுந்து கதிர்கள் சுழலத் தொடங்கிய நாளில் சட்டம் உள்ளே நுழைந்தது. அதனைக் கட்டியவர்களோ அதற்கு முன்பே வேறிடம் சென்றிருந்தார்கள்.

விபத்து நேர்ந்தால் குடும்பத்தின் கதி என்ன? 1855-ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டப்படி, இறந்தவனின் குடும்பத்தார் வழக்குத் தொடரலாம். ஆயின், விபத்து முதலாளியின் குற்றத்தால் நேர்ந்தது என்பதைக் குடும்பமே மெய்ப்பிக்க வேண்டும். சித்தாளாக நாட்கூலி பெறும் ஒரு கைம்பெண் வழக்கறிஞர் வைத்து அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்? ஐரோப்பியத் தொழில்நாடுகள் இக்குறையை முன்னரே உணர்ந்தன. 1884-ல் ஜெர்மனி விபத்துக் காப்பீட்டைக் கட்டாயமாக்கிற்று. 1897-ல் இங்கிலாந்து, குற்றம் யாருடையது என்று ஆராயாமலே இழப்பீடு வழங்கும் சட்டத்தை இயற்றிற்று. அச்சட்டம் முப்பது அடிக்கு மேல் உயர்ந்து, சாரம் அமைத்துக் கட்டும் கட்டடங்களையும் தழுவியது. சாரம் என்னும் பொருளின் பெயர் அந்தச் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

அவ்வழியைப் பின்பற்றி இந்தியாவில் 1923-ல் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றப்பெற்று, 1924 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடிக்கு மேற்பட்ட கட்டடம் போன்றவற்றில் வேலை செய்வோர் அதன் அட்டவணையில் இடம்பெற்றனர். உதிரப்பட்டியின் எண்ணம் சாரத்திலிருந்து விழுந்தவனுக்கும் உரியதாயிற்று எனலாம். ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தற்காலிகமாகவும், முதலாளியின் தொழில் சாராத வேலைக்காகவும் அமர்த்தப்பட்டவன் ‘தொழிலாளி’ ஆகான் என்று அது கூறிற்று. ஒருவர் தம் சொந்த வீட்டைக் கட்டுகிறார். கட்டடம் அவருடைய தொழிலன்று. கொத்தனாரும் அவரிடம் நிலையாக வேலை செய்பவரல்லர். ஆகவே அவர் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மேஸ்திரியைக் கேட்டாலோ, “நானும் கூலிக்காரன்தான், ஆட்களைக் கூட்டி வந்ததோடு சரி” என்பார். இருவருக்கும் நடுவே விழுந்தவன் கிடப்பான். அந்த ஓட்டை 2000-ஆம் ஆண்டின் திருத்தத்தால்தான் அடைக்கப்பட்டது. 77 ஆண்டுகள் அது திறந்து கிடந்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இழப்பீடு என்பது எவ்வளவு? கணக்கு ஒன்றைப் பார்ப்போம். இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை, அவர் வயதுக்குரிய ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். வயது முப்பதானால் அந்த எண் 207.98. கணக்குக்குரிய மாதக் கூலியின் உச்ச வரம்பு 2020 ஜனவரியில் ரூ.15,000 என அறிவிக்கப்பெற்றது. அதில் பாதி ரூ.7,500. பெருக்கினால் வருவது ரூ.15,59,850. முப்பது வயதுக் கொத்தனார் ஒருவரை இழந்த குடும்பத்திற்கு இத்தொகை, பிள்ளைகள் படிப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதைத் தீர்மானிப்பது. எட்டுப் பேரை வைத்து வேலை நடத்தும் மேஸ்திரிக்கோ, அது வாழ்நாள் சேமிப்பையும் மிஞ்சிய பெருஞ்சுமை. முன்கூட்டியே காப்பீடு எடுத்தவருக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு செலவு; எடுக்காதவருக்கு ஒரே நாளில் வீழ்ச்சி. சட்டத்திற்கு அடங்கி நடப்பது தொழிலாளிக்கு மட்டும் நன்மை தருவது என்று கருதுவோர் இக்கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

இழப்பீடு விழுந்த பின்னர் வருவது. விழாமல் காப்பது அதனினும் மேலானது அன்றோ? அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோ நகரின் கோல்டன் கேட் பாலம் 1933-ல் தொடங்கி 1937-ல் முடிந்தது. பத்து இலட்சம் டாலர் வேலைக்கு ஓர் உயிர் போகும் என்பது அக்காலத்துக் கட்டடத் தொழிலார் வைத்திருந்த கணக்கு. அப்பாலமோ மூன்றரைக் கோடி டாலர் செலவில் அமைந்தது. தலைமைப் பொறியாளர் ஜோசப் ஸ்டிராஸ் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கினார். பாலத்தளத்தின் அடியில் பெரும் வலை ஒன்றைக் கட்டச் செய்தார். தவறி விழுந்தவர்களுள் 19 பேரை அந்த வலை தாங்கிக்கொண்டது. 1937 பிப்ரவரியில் மேடை ஒன்று அறுந்து வலையையும் கிழித்துக்கொண்டு வீழ்ந்தபோது 10 பேர் மாண்டனர். மொத்தத்தில் மாண்டவர் 11 பேர். விபத்து விதியின் செயல் என்று கைகட்டி இருந்திருந்தால், அந்த 19 பேரின் பெயர்களும் அப்பட்டியலில் சேர்ந்திருக்கும்.

நம் ஊரின் வேலையிடங்களில் ஆபத்து எங்கெங்கே ஒளிந்துள்ளது? சவுக்குக் கட்டைகளைக் கயிற்றால் பிணைத்து எழுப்பும் சாரத்தில் நடைபலகை ஒன்றிருக்கும். இடுப்பளவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக் கட்டை இராது. கால் வழுக்காமல் தடுக்கும் ஓரப்பலகையும் இராது. மழையில் நனைந்து வெயிலில் காய்ந்த கயிறு முடிச்சிலே தளர்ந்திருப்பது கீழிருந்து பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வானம் தோண்டும் குழியும் அத்தகையதே. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் எடை கொண்டது. கோவை வட்டாரத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் ஊறி இளகும் இயல்புடையது. ஆளின் காலடியிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் உயர்ந்த குழிச்சுவருக்கு முட்டுக்கொடுத்தல் முதலான காப்பு வேண்டும் என்று 1998-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறியதன் காரணம் இதுவே.

தளம் போட்ட பின்னரும் ஆபத்து நீங்குவதில்லை. நாலரை மீட்டர் அகலம்வரை பரவிய கான்கிரீட் தளத்தின் முட்டுகளை ஏழு நாளும், அதற்கு மேற்பட்ட அகலமுடைய தளத்தின் முட்டுகளைப் பதினான்கு நாளும், ஆறு மீட்டருக்கு மேற்பட்ட உத்தரத்தின் முட்டுகளை இருபத்தொரு நாளும் எடுக்கலாகாது என்பது இந்தியத் தர நிர்ணயத்தின் விதி. வாடகைக்கு எடுத்த சென்ட்ரிங் பலகையை ஒருநாள் முன்னதாகத் திருப்பிக் கொடுத்தால் பணம் மிஞ்சும் என்று முட்டை உருவுவோர், கான்கிரீட் இறுகும் காலத்தைத் தம் விருப்பம்போல் குறைத்துவிட முடியாது. இவை கண்ணுக்குப் புலனாகும் விபத்துகள். ஈரச் சிமெண்டின் காரம் வெறுங்காலில் வரைந்துவிடும் புண்ணும், கல் அறுக்கும்போது பறக்கும் மணல்தூள் நுரையீரலில் படிந்து ஆண்டுகள் கழித்து மூச்சை அடைக்கும் நோயும் விபத்துப் பதிவேட்டில் ஏறுவதேயில்லை.

இவற்றையெல்லாம் அறிஞர்கள் அறியாமல் இல்லை. 1966-லேயே சாரத்திற்கும் குழிவேலைக்கும் பாதுகாப்பு நெறிகளை இந்தியத் தர நிறுவனம் வெளியிட்டது. 1970-ல் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு வந்தது. ஆனால் நூலில் உள்ள நெறி வேறு. மீறினால் கேட்கும் சட்டம் வேறு. அச்சட்டத்திற்காகத் தொழிலாளரே முயல வேண்டியிருந்தது. 1979-ல் தமிழ் மாநிலக் கட்டடத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. 1982-ல் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பெற்றது. அதே ஆண்டில் தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டடப் பணிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு பெரும்பொருள் உடையது. குறைந்தபட்சக் கூலியினும் குறைத்துக் கொடுத்து வேலை வாங்குவது அரசியலமைப்புத் தடுக்கும் கட்டாய உழைப்பே என்றும், பதினான்கு வயதிற்குட்பட்ட சிறுவரைக் கட்டட வேலையில் ஈடுபடுத்தலாகாது என்றும் நீதிபதி பகவதி எடுத்துரைத்தார்.

1985-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் தலைமையில், கட்டடத் தொழிலாளருக்கு மத்தியச் சட்டம் கோரும் தேசிய இயக்கக் குழு அமைந்தது. தமிழகத் தொழிற்சங்கத்தார் அதில் முன்னின்றனர். 1994-ல் தமிழ்நாட்டில் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைக்கப்பெற்றது. 1996-ல் மத்தியச் சட்டம் இரண்டு நிறைவேறின. ஒன்று வேலை நிலைமைகளையும் பாதுகாப்பையும் பற்றியது. மற்றொன்று, கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை நலவரி தண்டுவது. அது நூற்றுக்கு ஒன்று என நிர்ணயிக்கப்பட்டது. தொழிலாளி தம்மைப் பதிவு செய்துகொள்ளலாம். வேலை தொடங்கிய அறுபது நாளுக்குள் நிறுவனம் பதிவு பெற வேண்டும். குடிநீரும் கழிப்பிடமும் அமைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் கூலியோ இழப்பீடோ தராவிடில் வேலை கொடுத்தவர் தர வேண்டும். நூற்றாண்டுக் குறையைத் தீர்க்கும் விதிகள் இவை. சாரத்தைச் சட்டம் எட்டியது என்று அன்று மகிழ்ந்தவர் பலர்.

மகிழ்ச்சியோடு ஒரு கவலையும் இருந்தது. நலவரி தண்டுவது ஒன்று. அதைத் தொழிலாளியின் கையில் சேர்ப்பது மற்றொன்று. இயக்கக் குழு தொடுத்த வழக்கில் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, நாடு முழுவதும் ரூ.37,400 கோடிக்கு மேல் தண்டப்பட்டிருந்தும், செலவிடப்பட்டது ஏறத்தாழ ரூ.9,500 கோடியே என்று சுட்டிக் காட்டிற்று. பதிவேட்டில் பெயர் இல்லாதவனுக்குப் பெட்டியில் உள்ள பணம் பயன்படாது.

விதி மீறலின் விலையை நம் மாநிலம் அடிக்கடி கண்டுள்ளது. 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டி முடியும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். பிழைப்புத் தேடி ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தோர் அவர்களுள் பலர். உயிர்ச்சேதம் இன்றியே விதி மீறல் ஒரு தொழிலைச் சாய்த்த கதையும் உண்டு. பெரியநாயக்கன்பாளையத்திற்கு அண்மையிலுள்ள தடாகம் பள்ளத்தாக்கில், உரிமமின்றி இயங்கிய நூற்றுக்கும் மேற்பட்ட செங்கற்சூளைகள் 2021-ல் மூடப்பெற்றன. செம்மண் எடுத்த பெரும் குழிகள் நிலத்தில் எஞ்சின. உரிமம் பெறுவதை நாளை நாளை என்று தள்ளிப்போட்ட தொழில், ஒரே ஆணையில் நின்றது. சூளையில் கல் அறுத்தவர்களின் வேலையும் அன்றே நின்றது.

இனி நம் இரண்டாம் வினாவுக்கு வருவோம். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்திற்குச் சட்டம் வந்ததா? 1996-ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பேரும் அதற்கு மேற்பட்டோரும் வேலை செய்யும் நிறுவனங்களையே தழுவியது. சொந்தக் குடியிருப்புக்கான வீட்டின் செலவு ரூ.10 இலட்சத்திற்கு மேற்படாவிடில் அதுவும் விலக்கு. பிற தொழிற்சட்டங்களோடு அச்சட்டத்தையும் ஒருங்கிணைத்து 2020-ல் இயற்றப்பெற்ற தொழிற்பாதுகாப்பு, உடல்நலம், வேலைநிலைமைகள் பற்றிய தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்தது. நியமனக் கடிதமும், ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனையும் அதில் இடம்பெற்றுள்ளன. ஆயினும், பத்துப் பேர் என்னும் வரம்பு கட்டட வேலையில் அப்படியே நிற்கிறது. சொந்த வீட்டுக்கான விலக்கோ ரூ.50 இலட்சமாக உயர்ந்துள்ளது. நூறிலிருந்து பத்துவரை இறங்கி வந்த எண் பத்தில் நின்றுவிட்டது. வீட்டுச் செலவின் எண் மேலேறிவிட்டது.

நமது சிற்றூர்களில் எழும் வீடுகளைப் பாருங்கள். நான்கு கொத்தனார்; நான்கு சித்தாள்; ஒரு மேஸ்திரி. மொத்தம் ஒன்பது பேர். பத்தாவது ஆள் வராத அந்த வேலையிடத்தில் சாரத்தின் உயரம் குறைந்துவிடவில்லை. குழியின் மண் இலேசாகிவிடவில்லை. ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது 1996-ஆம் ஆண்டுச் சட்டம். நான்கு சித்தாள்களின் குழந்தைகள் மணற்குவியலின் நிழலில் உறங்க, அவர்களின் தலைக்கு மேலே செங்கல் ஏறிக்கொண்டிருக்கும்.

அந்த ஒன்பது பேருக்குச் சட்டமே இல்லை என்று நினைத்துவிட வேண்டா. வேலையிடம் சிறிதானாலும், தொழிலாளி தனியாளாக நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். இழப்பீட்டுப் பொறுப்புக்கு ஆள் எண்ணிக்கை வரம்பு இல்லை. கவனக்குறைவால் பிறர் உயிர் போகச் செய்தவருக்கு 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு ஐந்தாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. முன்னைய தண்டனைச் சட்டத்தில் அது இரண்டாண்டாக இருந்தது. நீதிமன்றம் அங்கே சாரத்தில் எத்தனை பேர் நின்றனர் என்று எண்ணுவதில்லை.

ஆகவே, சிறு கட்டடத் தொழில் நடத்துவோர் செய்யத் தக்கது என்ன? காலையில் வேலைக்கு வந்தவர் பெயரையும் கூலியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தல் முதற்கடமை. விபத்து நேர்ந்த பின்னர், “இவர் இங்கே வேலை செய்தவரா?” என்ற கேள்வி எழும்போது, அந்த ஒருவரி எழுத்தே குடும்பத்தின் சான்றாவது. அடுத்தது காப்பீடு. அதற்கடுத்தது, சாரத்தின் முடிச்சையும் குழியின் ஓரத்தையும் நாள்தோறும் வேலை தொடங்குமுன் ஒருமுறை பார்த்தல். இம்மூன்றில் எதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. பத்துப் பேர் சேரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

மாணவ நேயர்களே! உங்களுள் சிலர் நாளை பொறியாளர் ஆவீர்கள். சிலர் ஒப்பந்தக்காரர் ஆவீர்கள். பலர் சொந்த வீடு கட்டுவீர்கள். சில பிள்ளைகளின் தந்தையர் இந்நேரம் ஏதோ ஒரு சாரத்தின்மீது நின்றுகொண்டிருப்பர். உங்கள் தெருவில் புதிதாக வானம் தோண்டும்போது, பெயர்ப் பதிவேடு உண்டா, காப்பீடு உண்டா, சாரத்தில் கைப்பிடி உண்டா என்று மேஸ்திரியிடம் பணிவோடு கேளுங்கள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வீழ்ந்த வீரனின் பெயரை நடுகல்லில் பொறித்த நாடு இது. உயிரோடு வேலை செய்பவரின் பெயரை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பது நமக்கு அரிய செயல் ஆகாது.